சிந்திய உளுந்து

தாளின் தலையில் என் பர்மியப் பெயர்.
வீட்டில் எவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
ஆஸ்பத்திரி, போலீஸ், வீட்டுப் பதிவு,
அங்கெல்லாம் நான் மா கின் மூ.
எண்கள் ஏறியிருப்பது அவளுக்கா
வடிவாம்பாளுக்கா என்று
ஒரு நொடி பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏ.எல்.டி. நூற்றுப் பன்னிரண்டு.
ஏ.எஸ்.டி. எழுபத்தெட்டு.
பக்கத்துக் கட்டத்தில் பொடி எழுத்தில்
நாற்பதுக்குள் இருக்கவேண்டும் என்று.
இருபத்திரண்டு வருடமாய்
யாங்கோனில், பயின்னவுங் சந்தையில்,
பயறு மண்டிக்குக் கணக்கெழுதுகிறேன்.
ஓர் எண் மட்டும் உப்பித் தெரிந்தால்
எவனோ எங்கோ கைவைத்திருக்கிறான்.
எவன் என்பதுதான் பேரேட்டில் இருக்காது.

குடிப்பாயா என்று டாக்டர் கேட்கவில்லை.
கேட்டது என் கொழுந்தன்,
மாடிப்படியில், சிரித்துக்கொண்டே.
கல்யாண வீட்டில் சோடா கேட்டு வாங்குகிறவள் நான்.
இருந்தும் அன்றிரவு
உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தேன்,
எனக்கே சந்தேகம் வந்து.

டாக்டர் தின் தின் ஏ பர்மியத்தில் சொன்னதை
மண்டிப் பாஷைக்கு மாற்றிக்கொண்டேன்:
இது நோயின் பெயர் இல்லை.
ஈரலின் சின்னச் சின்ன அறைகளுக்குள்
இருக்கவேண்டிய சரக்கு
ரத்தத்தில் சிந்திக் கிடக்கிறது.
மூட்டை கிழிந்தால் ரோட்டில் உளுந்து கிடக்குமே, அப்படி.
எங்கோ கிழிசல் என்று உளுந்து சொல்லும்.
எலியா, கொக்கியா, மட்ட ரகச் சாக்கா
என்று சொல்லாது.

தாளின் கீழ்வரிகளுக்கு விரலை நகர்த்தினார்.
பிலிருபின் சரி. அல்புமின் சரி.
கடை இன்னும் நடக்கிறது என்று அர்த்தமாம்.

வேறென்ன சாப்பிடுகிறாய்?
ஒன்றுமில்லை.
மாத்திரை?
இல்லை.
அப்புறம் கை தானாகப் பைக்குள் போனது.
முதுகுக்குக் கடைக்காரன் கலந்து கட்டித் தரும் பொட்டலம்:
வெள்ளை இரண்டு, மஞ்சள் ஒன்று,
பாதியாய் உடைத்த ஒரு ரோஸ்.
காலை ஒன்று, மாலை ஒன்று,
கணக்கு முடிக்கும் மாதத்தில் நடுவே இன்னொன்று.
இது மருந்தில்லை டாக்டர், இது வலிக்கு.
அவர் சிரிக்கவில்லை.
வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்,
பையனிடம் பிடுங்கிய கவண் மாதிரி.

எழும்போது கேட்டேன்.
எங்கள் மண்டியில் மூட்டை தூக்கிய சடையாண்டிக்கு
போன வருடம் முப்பத்தொன்று.
வெறும் முப்பத்தொன்று!
தாளை மடித்து மேல்வரியை மட்டும்
எல்லோருக்கும் காட்டினான்.
அன்றைக்கு எங்களுக்கு டீ அவன் கணக்கில்.
ஆவணி மழை முடிவதற்குள்
வயிறு நீர்கோத்துப் போய்விட்டான்.
அது எப்படி டாக்டர்?

அவர் பேனாவை மூடினார்.
பதில் வருவதற்குள் எனக்கே வந்துவிட்டது.
வெறும் சாக்கிலிருந்து உளுந்து சிந்தாது.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம்.
பி கிருமிக்கும் சி கிருமிக்கும் இன்றே ஒரு குழாய்.
எடுத்த பையன் கன்னத்தில் தனக்கா பூசியிருந்தான்,
அது காய்ந்து வெடித்திருந்தது.
நான் ஊசியைப் பார்க்காமல் அதைப் பார்த்தேன்.

பஸ்ஸில் தாளை மடிக்காமல் வைத்துக்கொண்டேன்.
ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோம்.
நடுங்கினால் தேவலை.
இருபது பொட்டலம், இருநூறு பொட்டலம்,
எத்தனையையும் வாங்கிப் போட்டுக்கொண்டு
ஒரு முனகல் இல்லை.
கல்லீரல் என்று பெயர் வைத்தவன்
எதைத் தட்டிப் பார்த்து வைத்தானோ.

மண்டியில் தராசுக்கடியில்
நேற்றுச் சிந்தியது அப்படியே கிடக்கிறது.
மூட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
குனிந்தால் முதுகு கத்துகிறது.
கத்தட்டும்.
அதற்காவது வாய் இருக்கிறது.